மீண்டும் விளக்கேற்றிய நாட்டுப்புற நிலையம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் சசெக்ஸ் என்னும் மாவட்டம் உண்டு. இலண்டன் மாநகருக்குத் தெற்கே, கடற்கரை வரை பரந்து கிடக்கும் பசுமையான நாடு அது. அங்கே ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரின் புகைவண்டி நிலையம் ஊரிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், காட்டோரத்தில் தனித்து நிற்கிறது. ஆனால் அந்தச் சிறிய ஊரின் நிலையத்திற்கு ஐந்து நடைமேடைகள்! பெரிய நகரங்களுக்கே வாய்க்காத வசதி. ஒரு முறை மூடப்பட்டுப் பாழாகிவிடும் என்று எல்லோரும் எண்ணிய அந்த நிலையத்தில் இன்றும் நீராவி என்ஜின்கள் வந்து நின்று பெருமூச்சு விடுகின்றன. விளக்குகள் எரிகின்றன. குளிர்காலத்தில் பயணிகள் தங்கும் அறையில் கணப்புத் தீ மூட்டப்படுகிறது.

இது எப்படி நிகழ்ந்தது? அரசாங்கம் கைவிட்டதைப் பொதுமக்கள் தம் கையில் எடுத்துக்கொண்ட வரலாறு இது. ஒரு பெண்மணியின் விழிப்பும், சில மாணவர்களின் துணிவும், ஊதியம் பெறாது உழைத்த பலரின் பொறுமையும் இதில் கலந்திருக்கின்றன. அதனை இவ்விதழில் சற்று விரிவாகக் காண்போம்.

இருப்புப்பாதை வந்த விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இருப்புப்பாதை இல்லாத ஊர் பின்தங்கிய ஊராகவே எண்ணப்பட்டது. பாதை வந்தால் நிலத்தின் மதிப்பு உயரும். பாலும் தானியமும் மரமும் விரைவில் சந்தைக்குப் போகும். நிலக்கரி மலிவாக வந்து சேரும். ஆகவே லூயிஸ் நகருக்கும் ஈஸ்ட் கிரின்ஸ்டட் நகருக்கும் இடையே ஒரு பாதை வேண்டும் என்று அப்பகுதியின் நிலக்கிழார்கள் முயன்றனர். அவர்களுள் முதன்மையானவர் ஷெஃபீல்ட் பிரபு. 1877ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டிலேயே மற்றொரு சட்டத்தின் வழியாக அந்தப் பொறுப்பு இலண்டன், பிரைட்டன் மற்றும் தென்கரை இருப்புப்பாதைக் கம்பெனியிடம் சென்றது.

நிலக்கிழார்கள் எச்சரிக்கை மிகுந்தவர்கள். பாதையைப் பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால், அது பிற்காலத்தில் தங்கள் ஊர்களை மறந்துவிடுமோ என்று அஞ்சினார்கள் போலும். நாள்தோறும் ஒவ்வொரு திசையிலும் நான்கு பயணிகள் வண்டிகள் ஓடவேண்டும். குறிப்பிட்ட நிலையங்களில் அவை நிற்கவேண்டும். இலண்டன் செல்லும் வண்டிகளோடு இணைப்பும் இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இடம்பெற்றது. எழுதப்பட்ட காலத்தில் அதனை யாரும் பெரிதாகக் கருதியிருக்கமாட்டார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சில வரிகளே இப்பாதையின் விதியை மாற்றப்போகின்றன என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1882ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹார்ஸ்டட் கெய்ன்ஸிலிருந்து ஆர்டிங்லி வழியாக ஹேவர்ட்ஸ் ஹீத் நகருக்கு ஒரு கிளைப்பாதையும் ஏற்பட்டது. இவ்வாறு இரு பாதைகள் கூடும் சந்திப்பாக விளங்கியதனால்தான் அந்தக் காட்டோர நிலையத்திற்கு அத்தனை நடைமேடைகள் தேவைப்பட்டன. அங்கே இறங்குகிறவர்களைவிட வண்டி மாறுகிறவர்களே மிகுதி. நடைமேடைகளுக்கிடையே செல்ல நிலத்தடியில் ஒரு நடைவழியும் அமைக்கப்பட்டது.

வீடு போன்ற நிலையங்கள்

இப்பாதையின் நிலையங்களை வரைந்தவர் தாமஸ் ஹாரிசன் மயர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். நிலையம் என்றாலே சிறைச்சாலை போன்ற கருங்கல் கட்டடம் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. செல்வம் படைத்த நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றின் இல்லத்தைப் போலவே அவர் அவற்றை அமைத்தார். கீழே செங்கல்; மேல் தளத்தில் மரச்சட்டங்களும் அவற்றிடையே அழகிய பூச்சு வேலையும்; கதவுகளிலும் சாளரங்களிலும் வண்ணக் கண்ணாடி; உயர்ந்த புகைபோக்கிகள். மேல் தளப் பூச்சு அந்நாட்டு மழைக்கும் ஈரத்திற்கும் ஈடுகொடுக்கவில்லை. ஆகவே பிற்காலத்தில் பல நிலையங்களின் மேற்சுவர்களில் ஓடுகளைத் தொங்கவிட்டு மூடினார்கள்.

இத்தகைய நிலையம் அக்காலத்து நாட்டுப்புற வாழ்வில் வகித்த இடத்தை இன்று நாம் எளிதில் உணர இயலாது. அஞ்சல் அங்கேதான் வரும். செய்தித்தாள் அங்கேதான் வரும். பால் நிறைந்த பெரிய கலங்கள் அங்கிருந்துதான் நகருக்குப் போகும். பள்ளி விடுதிக்குச் செல்லும் சிறுவனைத் தாய் வழியனுப்புவதும், போர்முனைக்குச் செல்லும் மகனைத் தந்தை கடைசியாகக் காண்பதும் அந்த நடைமேடையில்தான். நிலைய அதிபர் ஊரில் மதிப்பு மிக்கவர். அவருடைய குடும்பம் நிலையக் கட்டடத்திலேயே வாழும். அவருடைய தோட்டத்துப் பூக்கள் நடைமேடையை அழகு செய்யும்.

அடுத்த நிலையமாகிய ஷெஃபீல்ட் பார்க்கைப் பற்றியும் ஒரு செய்தி கூறவேண்டும். அங்கே ஷெஃபீல்ட் பிரபுவின் மாளிகையும் பூங்காவும் இருந்தன. மூன்றாம் ஷெஃபீல்ட் பிரபு கிரிக்கெட் ஆட்டத்தில் தீராத பற்றுடையவர். தம் பூங்காவிலேயே ஆட்டக்களம் அமைத்து, இங்கிலாந்துக்கு வந்த ஆஸ்திரேலிய அணியினரை அங்கே வரவேற்று ஆடச்செய்தார். 1891-92ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய அணியை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. அப்போது அந்நாட்டுக் கிரிக்கெட்டின் வளர்ச்சிக்காக அவர் 150 பவுன் நன்கொடை அளித்தார். அத்தொகையைக் கொண்டு செய்யப்பட்டதே ஷெஃபீல்ட் கேடயம். அதன் பெயரைக் கேள்விப்பட்ட நம் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு அது ஒரு சிறு புகைவண்டி நிலையத்தின் பெயரும்கூட என்று தெரியும்!

இறங்குமுகம்

1923ஆம் ஆண்டில் பிரிட்டனின் கம்பெனிகள் நான்கு பெரிய குழுக்களாக இணைக்கப்பட்டபோது, இப்பாதை சதர்ன் இரயில்வேயின் கைக்கு மாறியது. 1935ஆம் ஆண்டில் ஹேவர்ட்ஸ் ஹீத்திலிருந்து ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் வரை மின்சார வண்டிகள் ஓடத்தொடங்கின. ஆனால் லூயிஸ் - ஈஸ்ட் கிரின்ஸ்டட் பாதையில் நீராவி வண்டிகளே தொடர்ந்தன. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எல்லா இருப்புப்பாதைகளும் நாட்டுடைமையாகி, பிரிட்டிஷ் இரயில்வேஸ் பிறந்தது.

இதற்கிடையே காலம் மாறிவிட்டது. பேருந்துகள் ஊருக்குள்ளேயே வந்து நின்றன. சரக்கு லாரிகள் பண்ணை வாயிலுக்கே வந்தன. ஊரிலிருந்து ஒரு மைல் நடந்து நிலையத்திற்கு வரவேண்டிய தேவை குறைந்தது. வண்டிகளில் பயணிகள் அருகினர். பாதை நட்டத்தில் நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆகவே இரயில்வே அதிகாரிகளை வெறும் கல்நெஞ்சர்கள் என்று பழிப்பது நேர்மை ஆகாது. ஆயினும், வரவு செலவுக் கணக்கில் இடம்பெறாத இழப்புகளும் உண்டு. வண்டி ஓட்டத் தெரியாத முதியவர், சொந்த வாகனம் இல்லாத ஏழை, பள்ளிக்குச் செல்லும் சிறுவர் ஆகியோரின் இழப்பு எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை.

1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாதையை மூடுவதென்று முடிவாயிற்று. ஆனால் அந்த நாள் வருமுன்பே ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம் குறுக்கிட்டது. அதனால் மே 28ஆம் நாள் ஓடிய வண்டியே கடைசி வண்டியாயிற்று. முறையான பிரியாவிடைகூட இல்லாமல் பாதை உறங்கிவிட்டது.

ஒரு பெண்மணியும் பழைய சட்டமும்

பாதையின் அருகே செய்லி என்னும் ஊரில் மேட்ஜ் பெஸ்ஸமர் என்னும் பெண்மணி வாழ்ந்து வந்தார். நிலையம் மூடப்பட்டதை அவர் மனம் ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தார் பலர் முணுமுணுத்துவிட்டு அமைதியடைந்தார்கள். இவரோ 1877, 1878ஆம் ஆண்டுகளின் சட்டங்களைத் தேடியெடுத்துப் படித்தார். நாள்தோறும் நான்கு வண்டிகள் ஓடவேண்டும் என்ற அந்தப் பிரிவு அவர் கண்ணில் பட்டது. அச்சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கவே இல்லை! அப்படியானால் பாதையை மூடியது சட்டத்திற்கு முரணானது அல்லவா? உடனே வண்டிகளை மீண்டும் ஓட்டுமாறு பிரிட்டிஷ் இரயில்வேஸை வற்புறுத்தினார்.

வல்லமை வாய்ந்த ஓர் அரசு நிறுவனம் ஒரு தனிப் பெண்மணியின் முன்னே பணிந்தது. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் வண்டிகள் மறுபடியும் ஓடின. ஆனால் அதிகாரிகள் சட்டத்தின் எழுத்துக்கு மட்டுமே பணிந்தார்கள். அதன் உள்ளக்கருத்துக்குப் பணியவில்லை. சட்டத்தில் பெயர் குறிக்கப்பட்ட நிலையங்களில் மட்டுமே வண்டி நின்றது. பார்கூம், கிங்ஸ்காட் ஆகிய நிலையங்களின் பெயர்கள் அதில் இல்லை. ஆகவே வண்டி அவற்றைக் கடந்து சென்றது. பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி. வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் பயன்படாத நேரங்கள். நான்கு முறை என்று சட்டம் சொன்னது. நான்கு முறைதான் ஓடியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்யும் சேவை என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டினார்கள். கடமையை வேண்டாவெறுப்பாகச் செய்கிறவன் அதனைச் செய்தவனும் ஆகான், செய்யாதவனும் ஆகான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விவகாரம் பாராளுமன்றம் வரை சென்றது. 1957ஆம் ஆண்டில் பொது விசாரணை நடந்தது. இரயில்வே நிருவாகம் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. எனினும் அந்தச் சட்டப் பிரிவை நீக்கும் உரிமை பாராளுமன்றத்திற்கு உண்டு அல்லவா? அவ்வாறே அது நீக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் பாதை இரண்டாம் முறையாக, முறைப்படி மூடப்பட்டது.

அப்படியானால் பெஸ்ஸமர் அம்மையாரின் போராட்டம் வீணாயிற்றா? மேலோட்டமாகப் பார்ப்பவர் அப்படித்தான் கூறுவர். ஆனால் நாம் ஒன்றை ஆழ்ந்து நோக்கவேண்டும். ஒரு பாதை மூடப்பட்டால் தண்டவாளங்களைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்பதும், நிலங்களைப் பிரித்துக் கொடுப்பதும் அக்கால வழக்கம். இங்கே அந்த வழக்கு மூன்று ஆண்டுகளைத் தாங்கிப் பிடித்தது. அந்த மூன்று ஆண்டுகளும் தண்டவாளம் தன் இடத்திலேயே கிடந்தது. பத்திரிகைகளில் செய்தி பரவியது. நாடெங்கும் மக்கள் இப்பாதையின் பெயரை அறிந்தார்கள். அவர் தம் வழக்கில் தோற்றார். ஆனால் அவர் ஈட்டித்தந்த காலத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேறு சிலர் வந்தார்கள்.

மாணவர்கள் கூடிய கூட்டம்

1959ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் சில மாணவர்களின் முயற்சியால் ஹேவர்ட்ஸ் ஹீத்தில் ஒரு கூட்டம் நடந்தது. லூயிஸ் - ஈஸ்ட் கிரின்ஸ்டட் பாதையைக் காப்பதற்கென அங்கே ஒரு சங்கம் அமைந்தது. பாதை முழுவதையும் வாங்கி, ஊர்மக்களுக்காக மீண்டும் வண்டி ஓட்டுவதே அவர்களுடைய முதல் நோக்கம். ஆனால் அத்தனை பெரிய பொறுப்பைத் தாங்கப் பணமும் இல்லை. ஊர்மக்களிடம் எதிர்பார்த்த ஆதரவும் இல்லை. ஆகவே ஷெஃபீல்ட் பார்க்கிலிருந்து ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் வரையிலான ஏறத்தாழ 5 மைல் பகுதியை மட்டும் குத்தகைக்கு எடுத்து, அதில் பழைய நீராவி வண்டிகளை ஓட்டுவதென்று முடிவு செய்தார்கள். கனவு சுருங்கியது. ஆனால் கைக்கு எட்டும் அளவுக்கு வந்துவிட்டது.

இளவேனிற் காலத்தில் அப்பகுதிக் காடுகள் முழுவதும் மணி வடிவில் நீலப் பூக்கள் பூத்துக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும். புளூபெல் என்பது அப்பூவின் பெயர். அதுவே பாதையின் பெயராகவும் ஆயிற்று.

சங்கத்திற்கு வழிகாட்டியாக அமைந்தவர்களுள் பெர்னார்ட் ஹோல்டன் குறிப்பிடத்தக்கவர். அவர் இருப்புப்பாதை ஊழியர். கைகாட்டித் துறையில் தேர்ந்தவர். 1908ஆம் ஆண்டில் இதே பாதையின் பார்கூம் நிலையத்து இல்லத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் அங்கே நிலைய அதிபர். முகச்சுளிப்பு வண்டிகள் நில்லாமல் சென்றனவே, அதே பார்கூம் நிலையம்தான்! இளைஞர்களின் ஆர்வத்திற்கு இவருடைய அனுபவம் கரை கட்டியது. 2012ஆம் ஆண்டில், தம் 104ஆம் வயதில் அவர் மறைந்தார்.

சங்கம் முதலில் வாங்கிய என்ஜினின் பெயர் ஸ்டெப்னி. 1875ஆம் ஆண்டில் பிரைட்டன் நகரில் செய்யப்பட்ட சிறிய என்ஜின் அது. அதனையும் இரண்டு பெட்டிகளையும் சேர்த்து 750 பவுனுக்குப் பெற்றார்கள். 1960ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டெப்னி வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் முதல் பயணிகள் வண்டி ஓடியது. பெஸ்ஸமர் அம்மையாரால் வண்டிகள் மறுபடியும் ஓடத்தொடங்கிய அதே ஆகஸ்டு 7! நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நாளில் புளூபெல் பாதை பிறந்தது. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்னும் குறுகிய பாதையை 1951ஆம் ஆண்டிலேயே தன்னார்வலர்கள் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் முழு அகலப் பாதையில் நீராவி கொண்டு பயணிகள் வண்டி நடத்தும் முயற்சிக்குப் புளூபெல்லே முன்னோடி.

ஸ்டெப்னியின் புகழ் குழந்தைகளிடமும் பரவியது. தாமஸ் என்ஜின் கதைகளை எழுதிய ஆடரி என்னும் ஆங்கிலிக்கன் குரு, 1963ஆம் ஆண்டில் தம் நூல் ஒன்றை ஸ்டெப்னிக்கே உரியதாக்கினார். கற்பனை என்ஜின்களிடையே உண்மையான ஓர் என்ஜின் கதாநாயகனாயிற்று.

துண்டிக்கப்பட்ட தீவு

தொடக்கத்தில் புளூபெல் வண்டிகள் ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் நிலையத்திற்குள் நுழைய இயலவில்லை. பிரிட்டிஷ் இரயில்வேஸின் மின்சார வண்டிகள் அங்கே இன்னும் வந்துகொண்டிருந்தன. ஆகவே நிலையத்திற்குச் சற்றுத் தெற்கே ஒரு சிறு நிறுத்தம் அமைத்துக்கொண்டார்கள். 1961ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில்தான் நிலையத்திற்குள் செல்ல இடம் கிடைத்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் ஒரு நடைமேடையில் மின்சார வண்டியும், மற்றொன்றில் நீராவி வண்டியும் நின்றன.

1963ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்டிங்லி கிளைப்பாதையும் மூடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில்தான் டாக்டர் பீச்சிங்கின் புகழ்பெற்ற அறிக்கை வெளியாகி, நாடெங்கும் 2,000க்கு மேற்பட்ட நிலையங்களை மூடவேண்டும் என்று கூறியிருந்தது. வடக்கே ஈஸ்ட் கிரின்ஸ்டட் வரையிலான தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அடுத்த நிலையமாகிய வெஸ்ட் ஹோத்லி 1967ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. மயர்ஸ் வரைந்த அழகிய கட்டடங்களுள் ஒன்று மண்ணாயிற்று. நாட்டின் இருப்புப்பாதைகளோடு எவ்விதத் தொடர்புமின்றி, புளூபெல் நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஒரு தீவாயிற்று. பின்னர் வாங்கிய என்ஜின்களைச் சாலை வழியே லாரிகளில் ஏற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

அந்த 1963ஆம் ஆண்டைப் பற்றி நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சியூட்டும் ஒரு செய்தியும் உண்டு. ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் அருகே பர்ச் குரோவ் என்னும் இல்லம் அப்போதைய பிரதமர் மாக்மில்லனுடையது. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அங்கே விருந்தினராக வந்தார். ஞாயிற்றுக்கிழமையன்று அருகிலுள்ள ஃபாரஸ்ட் ரோ ஊரின் கத்தோலிக்க ஆலயத்திற்குச் சென்று திருப்பலியில் பங்குகொண்டார். அந்த இல்லத்தின் பெயரைத் தாங்கிய பழைய என்ஜின் ஒன்று இன்றும் புளூபெல் பாதையில் காக்கப்பட்டு வருகிறது.

பழைய முகம் திரும்பியது

குத்தகைக்கு எடுத்த பாதையைச் சங்கத்தார் 1968ஆம் ஆண்டில் சொந்தமாகவே வாங்கினார்கள். இனி நிலையங்களை எந்தக் கோலத்தில் புதுப்பிப்பது என்ற கேள்வி எழுந்தது. எல்லாவற்றையும் ஒரே சாயலில் செய்யாமல், ஒவ்வொரு நிலையமும் ஒரு காலத்தைக் காட்டவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதன்படி ஷெஃபீல்ட் பார்க் நிலையம் விக்டோரியா அரசியின் காலத்தைக் காட்டுகிறது. பின்னாளில் சேர்ந்த கிங்ஸ்காட் 1950களைக் காட்டுகிறது. ஹார்ஸ்டட் கெய்ன்ஸ் நிலையமோ சதர்ன் இரயில்வேயின் காலமாகிய 1920, 1930களின் கோலத்தில் நிற்கிறது.

பச்சையும் வெண்மஞ்சளுமான அக்கால வண்ணம் மரவேலைகளுக்குப் பூசப்பட்டிருக்கிறது. சுவர்களில் பற்சாயம் பூசிய பழைய விளம்பரத் தகடுகள். நடைமேடையில் மரத் தள்ளுவண்டிகள். அவற்றின்மேல் தோல் பெட்டிகளும் பால் கலங்களும். கைகாட்டிகளைக் கம்பிகளால் இயக்கும் நெம்புகோல்கள் நிறைந்த கைகாட்டி அறை. ஷெஃபீல்ட் பார்க் வரையிலான பாதை ஒற்றைப் பாதை. ஆகவே ஓட்டுநர் தம் கையில் அடையாளக் கோல் இல்லாமல் வண்டியை நகர்த்தமுடியாது. நம் கிராமப்புற நிலையங்களில் வளையத்தோடு கூடிய டோக்கனை நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் என்ஜினிலிருந்து அதனைப் பற்றிக்கொள்ளும் காட்சியைக் கண்ட முதியோருக்கு இது நன்கு விளங்கும். ஒரே கோல், ஒரே வண்டி. மோதலுக்கு இடமே இல்லை.

தொலைக்காட்சியில் உலகெங்கும் பலர் கண்ட 'டவுன்டன் ஆபி' தொடரில் டவுன்டன் ஊரின் நிலையமாக வருவது இந்த ஹார்ஸ்டட் கெய்ன்ஸ்தான். படத்திற்காகக் கட்டிய பொய்க்காட்சி என்று அதனை எண்ணியவர்கள் உண்டு.

இந்த அழகின் பின்னே மறைந்திருக்கும் உழைப்பை நாம் மறக்கலாகாது. நீராவி என்ஜின் ஒன்றைக் காலையில் ஓட்டவேண்டுமானால், விடிவதற்கு முன்பே ஒருவர் வந்து நெருப்பு மூட்டவேண்டும். கொதிகலனில் அழுத்தம் ஏறப் பல மணி நேரம் ஆகும். முந்திய நாளின் சாம்பலை வாரவேண்டும், மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் இடவேண்டும், பித்தளையைத் துலக்கவேண்டும். ஓட்டுநராக விரும்பும் இளைஞன் முதலில் என்ஜின் துடைப்பவனாகச் சேர்கிறான். பிறகு நெருப்பிடுபவனாக உயர்கிறான். பல ஆண்டுப் பயிற்சிக்கும் தேர்வுகளுக்கும் பின்னரே ஓட்டுநரின் இடத்தில் நிற்கிறான். சம்பளம் பெறும் ஊழியர் சிலர் உண்டு. ஆனால் வேலையின் பெரும்பகுதி தன்னார்வலர்களுடையது. வாரம் முழுவதும் அலுவலகத்தில் கணக்கெழுதியவர் ஞாயிறன்று கரி படிந்த உடையோடு நிற்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை பயணச்சீட்டு கொடுக்கிறார். ஹார்ஸ்டட் கெய்ன்ஸில் உள்ள தொழிற்கூடத்தில் பழம்பெட்டிகளின் உளுத்த மரத்தை நீக்கிப் புதிய மரம் பொருத்துகிறார்கள்; ஒரு பெட்டியை முடிக்கவே பல ஆண்டுகள் ஆவதுண்டு.

குப்பைமேட்டைக் கடந்து

வடக்கே ஈஸ்ட் கிரின்ஸ்டட் வரை மீண்டும் பாதை இட்டு, நாட்டின் இருப்புப்பாதைகளோடு இணையவேண்டும் என்பது சங்கத்தாரின் நெடுங்கால ஆசை. விற்கப்பட்டுப்போன நிலங்களைத் துண்டு துண்டாகத் திரும்ப வாங்கினார்கள். பொது விசாரணைக்குப்பின் 1985ஆம் ஆண்டில் அரசின் அனுமதி கிடைத்தது. 1988ஆம் ஆண்டில் ஹார்ஸ்டட் கெய்ன்ஸிலிருந்து வடக்கே முதல் தண்டவாளம் இடப்பட்டது. ஷார்ப்தார்ன் சுரங்கப்பாதையின் வழியே 1992ஆம் ஆண்டில் வண்டி சென்றது. 1994ஆம் ஆண்டு ஏப்ரலில் கிங்ஸ்காட் நிலையம் திறக்கப்பட்டது. மிஞ்சியது இரண்டு மைல் மட்டுமே.

ஆனால் அந்த இரண்டு மைலைக் கடக்க 19 ஆண்டுகள் ஆயின! பாதை மூடப்பட்டபின், இம்பர்ஹார்ன் என்னுமிடத்தில் பாதைக்காக வெட்டிய ஆழ்ந்த பள்ளத்தை உள்ளூர் ஆட்சியினர் வீட்டுக் குப்பையைக் கொட்டும் இடமாக்கியிருந்தார்கள். பள்ளம் மேடாகிவிட்டது. ஓர் ஊரின் பல்லாண்டுக் குப்பை பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதனைத் தோண்டி, பாதுகாப்பாக அகற்றுவதற்கு மாபெரும் தொகை தேவைப்பட்டது. மக்களிடம் நன்கொடை கேட்டார்கள். சிறுகச் சிறுகப் பணம் சேர்ந்தது, சேர்ந்த அளவுக்குத் தோண்டினார்கள், தீர்ந்ததும் நிறுத்தினார்கள், மறுபடியும் கேட்டார்கள். 2010ஆம் ஆண்டு முதல் குப்பையைப் புகைவண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள்.

2013ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் முதல் பயணிகள் வண்டி ஈஸ்ட் கிரின்ஸ்டட் சென்றடைந்தது. ஆர்டிங்லி கிளை மூடப்பட்ட 1963ஆம் ஆண்டுக்குப் பின், சரியாக ஐம்பது ஆண்டு கழித்து அந்தத் தீவு மீண்டும் கரையோடு இணைந்தது. இன்று பாதையின் நீளம் 11 மைல். தொடங்கிய மாணவர்கள் அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

இன்றைய கவலைகள்

கதை இங்கே இனிதே முடிந்தது என்று கூறுவது எளிது. ஆனால் உண்மை அதுவன்று. பழமையைக் காப்பது ஒரு நாளில் முடியும் வேலையல்ல. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றினால் பல மாதங்கள் வண்டிகள் ஓடவில்லை. தென்வேல்ஸில் இருந்த பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் 2023ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பிரிட்டனின் நீராவிப் பாதைகள் வெளிநாட்டுக் கரியை நாடவேண்டியதாயிற்று. நிலக்கரியின் உறைவிடமாக விளங்கிய நாட்டுக்கே இந்நிலை! முதிய தன்னார்வலர்கள் மறைகிறார்கள்; அவர்களுடைய கைத்திறனை இளைஞர்கள் கற்றுக்கொள்ளாவிட்டால் அது அவர்களோடு புதைந்துபோகும்.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. பிரைட்டன் பாதையில் ஓடிய 'பீச்சி ஹெட்' என்னும் என்ஜின் 1958ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று உடைக்கப்பட்டது. அவ்வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பழைய கொதிகலன் ஒன்று மரத்தொட்டி ஒன்றில் கிடந்ததைக் கண்டெடுத்து, அதனை அடிப்படையாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் ஷெஃபீல்ட் பார்க்கில் புதிதாக அந்த என்ஜினைச் செய்யத் தொடங்கினார்கள். 2024ஆம் ஆண்டில் அது நீராவி கொண்டு ஓடியது. அற்றுப்போன ஓர் இனம் மீண்டும் உயிர் பெற்றது போன்றது இது.

இழந்ததெல்லாம் திரும்பிவிட்டதா என்றால் இல்லை. வெஸ்ட் ஹோத்லி நிலையம் வரவில்லை. ஆர்டிங்லி பாதை வரவில்லை. நாள்தோறும் வேலைக்கும் பள்ளிக்கும் மக்களை ஏற்றிச் சென்ற அந்தப் பழைய பணியும் வரவில்லை. இன்று வருகிறவர்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணிகள். ஆனால் தாத்தா ஒருவர் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நடைமேடையில் நின்று, தாம் சிறுவனாக இருந்தபோது இப்படித்தான் இருந்தது என்று சுட்டிக்காட்ட ஓர் இடம் மிஞ்சியிருக்கிறது. படத்தில் காட்டுவது வேறு; கையால் தொட்டு, மூக்கால் முகர்ந்து, காதால் கேட்டு அறிவது வேறு.

நம் ஊர்களிலும் நம் வீடுகளிலும் இப்படி எத்தனையோ பொருள்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பழைய பத்திரங்கள் பரணில் செல்லரிக்கின்றன. பாட்டியின் நினைவிலுள்ள செய்திகள் எழுதப்படாமலே மறைகின்றன. எல்லாவற்றையும் காப்பது எவராலும் இயலாது, தேவையும் இல்லை. ஆனால் எதைக் காப்பது, எதைப் போகவிடுவது என்று குடும்பத்தார் ஒருமுறையேனும் உட்கார்ந்து பேசவேண்டாமா? பெஸ்ஸமர் அம்மையார் பழைய தாள் ஒன்றை எடுத்துப் பொறுமையாகப் படித்தார். ஹார்ஸ்டட் கெய்ன்ஸில் இன்று எரியும் விளக்குக்கு முதல் திரியிட்டது அந்தப் படிப்புதான்.